ஐந்து சின்னப்பா ஒரே மேடையில்: குரல் உடைந்து ஊர் திரும்பிய சிறுவன் தமிழ் சினிமாவின் 'நடிக மன்னன்' ஆனது எப்படி?

'திருவிளையாடல்' படத்தில் சிவாஜியே பாடுவார், சிவாஜியே வீணை வாசிப்பார், சிவாஜியே மிருதங்கமும் தட்டுவார். அந்தக் காட்சியைப் பார்க்காதவர் இருக்க முடியாது. டி.வி.யில் பார்த்திருப்பீங்க, இல்லைன்னா ரீல்ஸில் பார்த்திருப்பீங்க. அந்தப் படம் வந்தது 1965-ல்.

அதற்கு 21 வருஷம் முன்னாடியே தமிழ்த் திரையில் இப்படி ஒரு கச்சேரி நடந்துவிட்டது. 1944-ல் வந்த 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் நடுவில் உட்கார்ந்து பாடுகிறவர் ஒருவர். சுற்றி உட்கார்ந்திருக்கும் பக்கவாத்தியக்காரர்களும் அவரே. எண்ணிப் பார்த்தால் ஐந்து பேர், ஐந்து பேருக்கும் ஒரே முகம். கம்ப்யூட்டரும் கிடையாது, கிராபிக்ஸும் கிடையாது. இன்னொருவர் பாட இவர் வாயசைத்த கதையும் இல்லை. பாடியது அவர் சொந்தக் குரல்.

அவர்தான் பி.யு.சின்னப்பா. அந்தக் காலத்து போஸ்டர்களில் 'நடிக மன்னன்', 'தவநடிக பூபதி' என்ற பட்டங்களோடு மின்னிய பெயர். இன்று எம்.கே.தியாகராஜ பாகவதர் பற்றிப் பேசும்போது போட்டியாளர் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துபோகிற பெயராகிவிட்டது. அந்த ஒரு வரிக்குள் அடங்காத வாழ்க்கை அவருடையது.

யார் இந்த சின்னப்பா?

1916 மே 5-ம் தேதி புதுக்கோட்டையில் பிறந்தவர். இயற்பெயர் சின்னசாமி. பெயருக்கு முன்னால் நிற்கும் 'பி' புதுக்கோட்டையைக் குறிக்கும், 'யு' அப்பா உலகநாத பிள்ளையைக் குறிக்கும். அப்பாவும் நாடக நடிகர். அதனால் பையனுக்குப் பாட்டும் வேஷமும் வீட்டிலேயே இருந்தன.

அன்றைய புதுக்கோட்டை இப்போது இருப்பதுபோல ஒரு மாவட்டத் தலைநகரம் இல்லை. தொண்டைமான் மன்னர்கள் ஆண்ட தனி சமஸ்தானம். 1948 மார்ச்சில்தான் அது இந்திய யூனியனோடு இணைந்தது. அதாவது சின்னப்பா தன் வாழ்நாளில் முக்கால்வாசிக்கும் மேல் ஒரு மன்னரின் குடிமகனாகவே இருந்தவர். இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு வீட்டுக் கதையில் தேவைப்படும்.

படிப்பு ஆரம்பப் பள்ளியோடு நின்றுபோனது. சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனியில் சேர்ந்துவிட்டார். முதலில் 'தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா', பிறகு 'மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனி'.

பாய்ஸ் கம்பெனின்னா என்ன?

இப்போது கேட்டால் கொஞ்சம் நெருடும். ஏழு, எட்டு வயதுப் பையன்களைக் கம்பெனியில் சேர்த்துக்கொள்வார்கள். சாப்பாடு, துணி, படுக்கை எல்லாம் அங்கேயே. பாட்டு, வசனம், ஆட்டம், கத்திச் சண்டை எல்லாம் வாத்தியார்கள் சொல்லிக்கொடுப்பார்கள். பையன்கள்தான் ராஜா, பையன்கள்தான் ராணி, கள்ளபார்ட்டும் பையன்தான். கம்பெனி ஊர் ஊராகப் போகும். ஒரு ஊரில் கொட்டகை போட்டால் வசூல் இருக்கிறவரை அங்கேதான்.

இந்த முறையைத் தமிழ் நாடகத்தில் வேரூன்ற வைத்தவர் சங்கரதாஸ் சுவாமிகள். பெரிய நடிகர்கள் சொன்ன நேரத்துக்கு வராமல், சொன்னதைப் பேசாமல் போட்டுப் பார்த்ததில் வெறுத்துப்போய், சொன்னபடி நிற்கும் சிறுவர்களை வைத்தே நாடகம் போடலாம் என்ற முடிவுக்கு வந்தவர் என்று நாடக வரலாறு சொல்கிறது. எது எப்படியோ, தமிழ் சினிமாவின் முதல் இரண்டு தலைமுறை நடிகர்களில் பெரும்பாலானோர் இந்தக் கொட்டகைகளில் வளர்ந்தவர்கள். கட்டுப்பாடு கடுமையாக இருந்தது, அடியும் விழுந்தது, தொழிலும் கைக்கு வந்தது. இந்த மூன்றில் எதையும் விட்டுவிட்டு பாய்ஸ் கம்பெனியைப் பற்றி எழுத முடியாது.

மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சின்னப்பாவோடு இருந்தவர்களில் ஒருவர், அவரைவிட எட்டு மாதம் சின்னவரான எம்.ஜி.ராமச்சந்திரன். ஆமாம், பின்னாளில் முதலமைச்சரான எம்.ஜி.ஆர்தான். அங்கே வாத்தியாராக இருந்தவர், பிறகு திரையில் நகைச்சுவையில் கலக்கிய காளி என்.ரத்தினம்.

அந்தக் கூட்டத்தில் சின்னப்பாவைத் தனியாகக் காட்டியது குரல். அப்போது நாடக மேடையின் சூப்பர் ஸ்டார் எஸ்.ஜி.கிட்டப்பா. மைக் இல்லாத காலத்தில் உச்ச சுருதியில் பாடிக் கடைசி வரிசைக்கும் கேட்க வைத்தவர். அவருடைய கிராமபோன் ரெக்கார்டுகள் ஊரெல்லாம் ஒலித்தன. சிறுவன் சின்னப்பா அந்தப் பாட்டுகளை அச்சு அசலாகப் பாடுவதைக் கேட்டுத்தான் கம்பெனி முதலாளி சம்பளத்தையும் வேஷத்தையும் உயர்த்தினார் என்பது நாடக உலகில் வழிவழியாகச் சொல்லப்படும் சம்பவம். 'பாதுகா பட்டாபிஷேகம்' நாடகத்தில் அவர் போட்ட பரதன் வேஷம் பெரிய பெயர் வாங்கித் தந்தது. ராமனின் பாதுகையைத் தலையில் வைத்துக்கொண்டு அழுது பாடுகிற பரதன். ஒரு பையனின் கீச்சுக்குரலுக்கு இதைவிடப் பொருத்தமான வேஷம் கிடைக்காது.

அந்தக் கீச்சுக்குரல் எத்தனை நாள் நிற்கும்? அங்கேதான் சிக்கல்.

மகரக்கட்டு என்ற விபத்து

பதின்மூன்று, பதினான்கு வயதில் பையன்களுக்குக் குரல் உடையும். குரல்வளை பெரிதாகி, குரல் நாண்கள் நீண்டு தடிக்கும். மெல்லிய குரல் ஒரு நாள் கீழே இறங்கும், இன்னொரு நாள் பிசிறும், பாடிக்கொண்டிருக்கும்போதே காலை வாரும். இதைத்தான் நாடகக்காரர்கள் மகரக்கட்டு என்றார்கள். நம்ம வீட்டுப் பையனுக்கு இப்படி ஆனால் கிண்டல் செய்து சிரித்துவிட்டுப் போவோம். பாய்ஸ் கம்பெனிப் பையனுக்கு அது வேலை போகும் செய்தி.

அன்றைய நாடகத்தில் பாட்டுதான் பிரதானம், வசனம் இடையில் வந்துபோவது. ஹீரோ மேடைக்கு வரும்போது பாட்டு, கோபத்துக்குப் பாட்டு, சாவுக்கும் பாட்டு. பாட முடியாத ராஜபார்ட்டுக்கு அங்கே இடமில்லை. பரதனாக ஊரையே அழவைத்த சின்னப்பாவுக்கும் அதுவே நடந்தது. குரல் உடைந்தது, கம்பெனியை விட்டு வெளியே வந்தார், புதுக்கோட்டைக்குத் திரும்பினார்.

எட்டு வயதிலிருந்து ஒரே ஒரு தொழில்தான் தெரியும். அந்தத் தொழிலின் முதலீடு தொண்டையில் இருந்தது. அது போயிற்று. வயதோ பதினைந்தைக்கூடச் சரியாகத் தாண்டவில்லை. இந்த இடத்தில் காணாமல் போன பாய்ஸ் கம்பெனிப் பையன்கள் எத்தனை பேர் என்று யாரும் கணக்கு வைத்திருக்கவில்லை.

சின்னப்பா செய்தது வேறு. தொண்டை போனால் என்ன, கை கால் இருக்கிறதே என்று உடம்பைப் பிடித்துக்கொண்டார். சிலம்பம் கற்றார், குஸ்தி கற்றார், சுருள் கத்தி சுழற்றப் பழகினார், பளு தூக்கினார். புதுக்கோட்டை, மதுரை வட்டாரத்தில் சிலம்பக் கூடங்களுக்குக் குறைவே இல்லாத காலம் அது. இன்னொரு பக்கம் பாகவதர்களிடம் முறையாகக் கர்நாடக சங்கீதமும் படித்தார். கம்பெனியில் கற்றது கேட்டுப் பாடுகிற பாட்டு. இப்போது சுரமும் தாளமும் கணக்கோடு வந்தன.

குரல் மெதுவாகப் படிந்தது. பழைய கீச்சுக்குரல் திரும்பவில்லை. அதற்குப் பதிலாக ஆண்மையான, கனமான, பிருகாக்கள் உதிரும் ஒரு குரல் வந்து சேர்ந்தது. என் கணிப்பில், அந்த நாலைந்து வருஷம்தான் சின்னப்பாவை உருவாக்கியது. குரல் உடையாமல் இருந்திருந்தால் நன்றாகப் பாடத் தெரிந்த இன்னொரு ராஜபார்ட்டாக முடிந்திருப்பார். உடைந்ததால் பாடவும் தெரிந்த, கம்பு சுற்றவும் தெரிந்த, வசனம் பேசவும் தெரிந்த ஆளாக இருபது வயதில் வந்து நின்றார். அன்றைய தமிழ் சினிமாவில் இந்த மூன்றும் ஒரே ஆளிடம் கிடைப்பது அபூர்வம்.

திரும்பி வந்தது கம்பெனிக்கு இல்லை, 'ஸ்பெஷல் நாடகம்' பக்கம். கம்பெனி நாடகம் என்றால் குழு நிரந்தரம். ஸ்பெஷல் நாடகத்தில் அப்படி இல்லை. ஒரு காண்டிராக்டர் ஒரு ஊரிலிருந்து ராஜபார்ட்டையும், இன்னொரு ஊரிலிருந்து ஸ்திரீபார்ட்டையும், வேறு எங்கிருந்தோ ஆர்மோனியக்காரரையும் ஒரே ராத்திரிக்கு வரவழைப்பார். ஒத்திகை கிடையாது. கதை எல்லாருக்கும் தெரியும், மேடையில் போய்த்தான் மோதிக்கொள்ள வேண்டும். எதிரில் நிற்பவர் எந்த ராகத்தில் எடுக்கிறாரோ அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். திணறினால் கூட்டம் விடாது. இதைவிடக் கடுமையான நடிப்புப் பள்ளி எங்கே இருக்கிறது?

சினிமா: முதல் ரவுண்டில் தோல்வி

1936-ல் ஜூபிடர் பிக்சர்ஸ் 'சந்திரகாந்தா' எடுத்தது. ஜே.ஆர்.ரங்கராஜுவின் நாவல், மடத்துச் சாமியார் ஒருவரின் அட்டூழியத்தை அம்பலப்படுத்தும் கதை. ராஜா சந்திரசேகர் இயக்கிய இந்தப் படத்தில் சுண்டூர் இளவரசனாக சின்னப்பா அறிமுகமானார். அந்தப் போலிச் சாமியார் வேடத்தில் நடித்தது பழைய வாத்தியார் காளி என்.ரத்தினம். இதிலும் அவர் பெயர் சின்னசாமிதான்; சின்னப்பா ஆனது அதன் பிறகு.

தொடர்ந்து 'ராஜமோகன்', 'அனாதைப் பெண்', 'யயாதி', 'பஞ்சாப் கேசரி', 'மாத்ருபூமி' என்று படங்கள் வந்தன. பட்டியலைப் பார்த்தால் நல்ல வளர்ச்சி மாதிரி தெரியும். ஆனால் பெரிய நட்சத்திரமாக எதுவும் அவரைத் தூக்கிவிடவில்லை. இதே காலத்தில், 1937-ல், பாகவதரின் 'சிந்தாமணி'யும் 'அம்பிகாபதி'யும் தமிழ்நாட்டையே பித்துப்பிடிக்க வைத்துக்கொண்டிருந்தன.

பிறகு வாய்ப்பே வரவில்லை. மனம் நொந்த சின்னப்பா மௌனம், உபவாசம் என்று விரதங்களில் இறங்கினார், துறவியாகப் போய்விடும் எண்ணம்கூட வந்தது என்று அவரைப் பற்றிய குறிப்புகளில் திரும்பத் திரும்ப வருகிறது. வயது 23. அதற்குள் இரண்டாவது முறையாக ஊர் திரும்பி உட்கார்ந்திருக்கிறார்.

அந்த நேரத்தில்தான் சேலத்திலிருந்து அழைப்பு. மாடர்ன் தியேட்டர்ஸ் டி.ஆர்.சுந்தரம்.

ஒரே ஆள், இரண்டு உருவம்: அது எப்படி சாத்தியம்?

சுந்தரம் வெளிநாட்டில் படித்தவர், தொழில்நுட்பத்தில் ஆர்வம் கொண்டவர். அலெக்சாந்தர் டூமாவின் கதையில் வரும் இரும்பு முகமூடி மனிதனைத் தமிழ் ராஜா கதையாக மாற்றினார். இரட்டைக் குழந்தைகளாகப் பிறந்த இளவரசர்கள். ஒருவன் கொடுங்கோலன், ஒருவன் நல்லவன். படத்தின் பெயர் 'உத்தம புத்திரன்', வருஷம் 1940. தமிழின் முதல் இரட்டை வேடப் படம் என்று சினிமா வரலாறு இதைத்தான் சொல்கிறது. சின்னப்பாவுக்கு ஜோடி எம்.வி.ராஜம்மா.

இரட்டை வேடம் இன்று சாதாரணம். அன்று எப்படி எடுத்திருப்பார்கள்? அந்தக் காலத்தில் பொதுவாகக் கையாண்ட முறை இதுதான். கேமராவை அசையாமல் நிறுத்திவிடுவார்கள். லென்ஸின் ஒரு பாதியைக் கறுப்பாக மறைத்துவிட்டு, திறந்திருக்கும் பாதியில் நடிகரை நிற்க வைத்துக் காட்சியை எடுப்பார்கள். பிறகு பிலிமைப் பின்னோக்கிச் சுற்றி, மறைத்த பாதியைத் திறந்து, எடுத்த பாதியை மறைத்து, வேறு உடையில் அதே நடிகரை இன்னொரு பக்கம் நிறுத்தி மறுபடியும் எடுப்பார்கள். நடுக்கோடு ஒரு இழை பிசகினாலும் படம் கெட்டது. கேமரா துளி நகர்ந்தாலும் அவ்வளவுதான். சரியாக வந்ததா என்று அங்கேயே பார்க்க மானிட்டரும் கிடையாது, பிலிமைக் கழுவிப் பார்த்தால்தான் தெரியும்.

இதில் நடிகரின் பாட்டைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. எதிரே யாருமே இல்லை. வெறும் காற்றைப் பார்த்து முறைக்கணும், காற்று பேசி முடிக்கிற வரைக்கும் காத்திருக்கணும், சரியான நொடியில் பதில் சொல்லணும். அடுத்த தடவை அதே காற்றாக நாமே நிற்கணும். முன்னறிவிப்பு இல்லாத எதிராளிகளோடு ஸ்பெஷல் நாடக மேடையில் மோதிப் பழகியவருக்கு இந்தக் கணக்கு வந்தது ஆச்சரியமில்லை.

படம் பெரிய வெற்றி. சின்னப்பா நட்சத்திரமானார். இதே கதை, இதே தலைப்பில் 1958-ல் சிவாஜி நடிக்க மறுபடியும் வந்தது. நம்மில் பலருக்குத் தெரிந்தது அந்தப் படம்தான்.

காத்தவராயன் முதல் கோவலன் வரை

அடுத்த நான்கு வருஷம் சின்னப்பாவின் வருஷங்கள். 1941-ல் 'ஆர்யமாலா'. காவிரிக்கரைக் கிராமங்களில் இன்றும் சாமியாகக் கும்பிடப்படும் காத்தவராயனின் கதை. தாழ்த்தப்பட்ட குடியில் வளர்ந்தவன், மேல்சாதிப் பெண்ணைக் காதலித்ததற்காகக் கழுமரம் ஏறுகிறவன். தெருக்கூத்திலும் உடுக்கடிப் பாட்டிலும் மக்கள் ஏற்கனவே அறிந்த நாயகன். சண்டை, மாறுவேடம், காதல், பாட்டு என்று சின்னப்பாவிடம் இருந்த அத்தனைக்கும் அதில் வேலை இருந்தது. கதாகாலட்சேபத்துக்குப் போகாத, உடுக்கடிக்குப் போகிற ரசிகர்கள் இந்தப் படத்துக்குப் பிறகு மொத்தமாக அவர் பக்கம் வந்தார்கள் என்று தைரியமாகச் சொல்லலாம்.

1942-ல் 'கண்ணகி', 'மனோன்மணி', 'பிருதிவிராஜன்' மூன்றும் வந்தன. மனோன்மணி, சுந்தரம் பிள்ளை எழுதிய 'மனோன்மணீயம்' நாடகத்தின் திரைவடிவம், ஜோடி டி.ஆர்.ராஜகுமாரி. பிருதிவிராஜனில் சம்யுக்தையாக நடித்த ஏ.சகுந்தலாவைப் பிறகு சின்னப்பா திருமணம் செய்துகொண்டார்.

இந்த மூன்றில் 'கண்ணகி'யைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும். தமிழ் பி.ஏ. படித்தவன் என்பதால் எனக்கு இதில் ஒரு சாய்வு உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஜூபிடர் தயாரிப்பு, ஆர்.எஸ்.மணி இயக்கம், வசனம் இளங்கோவன். அதுவரை தமிழ்ப் பட வசனம் பெரும்பாலும் மணிப்பிரவாளம். நாதா, ஸ்வாமி, பிராணேஸ்வரி வகை. இளங்கோவன் கையில் அது கனமான, ஓசை நிறைந்த தமிழாக மாறியது. பின்னால் 'வேலைக்காரி', 'பராசக்தி' என்று வசனத்துக்காகவே ஓடிய படங்களுக்கு இங்கே பாதை போட்டாயிற்று.

படம் கண்ணகியுடையது. தெலுங்கு தாய்மொழியான கண்ணாம்பா அந்த வசனத்தைப் பேசி மதுரையை எரித்தார், கைதட்டல் முழுக்க அவருக்கே போனது. நட்சத்திரமான சின்னப்பாவுக்குக் கிடைத்ததோ கோவலன். ஹீரோ என்று சொல்லவே யோசிக்க வேண்டிய பாத்திரம். மனைவியை விட்டுப் போகிறான், பொருளைத் தொலைக்கிறான், திருந்தி வருகிறான், செய்யாத குற்றத்துக்கு இடையிலேயே வெட்டுப்படுகிறான். கடைசிக் கட்டத்தில் அவன் படத்திலேயே இல்லை. புகழின் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த 26 வயது நடிகர், பெண் பாத்திரத்துக்கு வழிவிடும் வேடத்தில் அடங்கி நடித்தார். இன்றைய ஹீரோக்களில் எத்தனை பேர் இதற்குச் சம்மதிப்பார்கள் என்று கேட்டால் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும்.

உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். பிலிம் தட்டுப்பாடு வந்து, படத்தின் நீளம் 11,000 அடியைத் தாண்டக்கூடாது என்று அரசு கட்டுப்பாடு போட்டது. அறுபது பாட்டு, ஐம்பது பாட்டு என்று ஓடிய படங்களின் பாட்டு எண்ணிக்கை இறங்கியது. பாட்டை மட்டும் நம்பிய நடிகர்களுக்கு இது இடி. சின்னப்பாவுக்குப் பெரிய சேதம் இல்லை. அவரிடம் வேறு சரக்கும் இருந்தது.

அந்தச் சரக்கு மொத்தமும் 1944-ல் 'ஜகதலப்பிரதாபன்' படத்தில் இறங்கியது. கோவை பட்சிராஜா பிலிம்ஸ் படம், இயக்கம் ஸ்ரீராமுலு நாயுடு. தேவலோகக் கன்னிகளை மணக்கப்போவதாகக் கனவு காணும் ஓர் இளவரசனின் கதை, அம்புலிமாமா பாணி. ஆரம்பத்தில் சொன்ன ஐந்து சின்னப்பா கச்சேரி இதில்தான். 'உத்தம புத்திர'னில் ஒரு சட்டகத்தில் இரண்டு பேர் என்றால், இதில் தாளமும் சேர்ந்துகொண்டது. வாத்தியத்தில் கை விழுகிற இடம் தப்பினால் இசை தெரிந்த ரசிகன் சிரித்துவிடுவான். ஊருக்குத் திரும்பிய வருஷங்களில் படித்த சங்கீதம் இங்கே கைகொடுத்தது.

பாகவதரா, சின்னப்பாவா?

ரஜினி - கமல், விஜய் - அஜித் சண்டைக்கெல்லாம் தாத்தா இந்தச் சண்டை. டீக்கடையில், தியேட்டர் வாசலில், ரெக்கார்டு கடையில் இரண்டு கட்சியாக நின்று மோதிக்கொண்டார்கள்.

எம்.கே.டி. பக்கம் நியாயம் நிறைய இருந்தது. தங்கம் மாதிரி நிறம், தோளில் புரளும் கிராப்பு, தேனாக வழியும் குரல். அந்த இனிமை சின்னப்பாவிடம் இல்லை. தோற்றத்திலும் அவர் பாகவதரைப் போல ஜொலிக்கிறவர் அல்ல. ஆனால் பாகவதர் பெரும்பாலும் எந்தப் படத்திலும் பாகவதராகவே இருந்தார். ரசிகர்கள் கேட்டதும் அதைத்தான். சின்னப்பா வேடத்துக்கு வேடம் ஆளை மாற்றிக்கொண்டார். கத்திச் சண்டைக்கு அவரே இறங்கினார். வில்லத்தனத்துக்கும் அந்த முகம் வளைந்தது.

1944 இறுதியில் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில் பாகவதரும் என்.எஸ்.கிருஷ்ணனும் கைதானார்கள். வெளியே வந்தது 1947 ஏப்ரலில். போட்டியாளர் இரண்டு வருஷத்துக்கு மேல் களத்திலேயே இல்லை. கணக்குப்படி சின்னப்பா ஏகபோகமாக ஆண்டிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. 'அர்த்தநாரி', 'விகடயோகி', 'துளசி ஜலந்தர்', 'பங்கஜவல்லி' எல்லாம் அப்போது வந்தவை. 'ஆர்யமாலா', 'கண்ணகி' அளவுக்கு அவை பேசப்படவில்லை.

இனி அந்த வீட்டுக் கதை. சம்பாதித்த பணத்தையெல்லாம் சின்னப்பா புதுக்கோட்டையில் வீடு வாங்குவதிலேயே போட்டார். தெருத் தெருவாக வாங்கினார். கடைசியில் ஊரே இவருடையதாகிவிடும் போலிருக்கிறதே என்று, சின்னப்பாவுக்கு இனி யாரும் வீடு விற்கக்கூடாது என மன்னரே தடை போட்டாராம். புதுக்கோட்டைப் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் இந்தக் கதை எப்படியும் வந்து விழும். ஊர்க்கதைக்கே உரிய உப்பு காரம் இதில் கூடுதலாக இருக்கலாம். ஆனாலும் இரண்டு முறை வெறுங்கையோடு அதே ஊருக்குத் திரும்பி வந்த ஒருவர், அந்த ஊரில்தான் வீடு வீடாக வாங்கினார் என்பது எனக்குப் புரிகிற விஷயம்.

கடைசி ரவுண்டு

1949-ல் மறுபடியும் வேகம் எடுத்தார். 'கிருஷ்ண பக்தி'யில் பக்திமான் வேஷம் போட்டு ஊரை ஏமாற்றும் சாமியார். கதாகாலட்சேபம் செய்கிற காட்சியில் பாட்டு, பேச்சு, நையாண்டி மூன்றையும் ஒரே ஆளாகத் தாங்கினார். ஆன்மிகப் பாட்டுக்காகத் தியேட்டருக்கு வந்த கூட்டத்தை, ஆன்மிகத்தை விற்கிறவனாக நடித்தே கட்டிப்போட்டார். என்னைக் கேட்டால் அவர் நடிப்பைப் பார்க்க விரும்புகிறவர்கள் இங்கிருந்து ஆரம்பிக்கலாம். அதே வருஷம் 'மங்கையர்க்கரசி'யில் மூன்று வேடம். 'ரத்னகுமார்' படத்தில் பானுமதியோடு நடித்தார். அதில் சின்ன வேடம் ஒன்றில் தலைகாட்டியவர் பாய்ஸ் கம்பெனித் தோழர் எம்.ஜி.ஆர். அடுத்த வருஷமே 'மந்திரி குமாரி' வந்து எம்.ஜி.ஆரின் ஜாதகம் மாறியது.

சினிமாவும் மாறிக்கொண்டிருந்தது. நடிக்கிறவர் ஒருவர், பாடுகிறவர் வேறொருவர் என்ற பின்னணி முறை பரவிவிட்டது. நடிகனாக வர சங்கீதம் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்ற நிலை. பாகவதருக்கு அந்த மாற்றம் பெரிய அடியாக விழுந்தது. சின்னப்பாவுக்கு அப்படி விழுந்திருக்காது என்றே நினைக்கிறேன். வசனத்துக்கும் சண்டைக்கும் குணச்சித்திரத்துக்கும் ஏற்ற நடிகர் அவர், வயது வெறும் 35. இன்னும் இருபது வருஷம் நடித்திருக்கலாம்.

1951 செப்டம்பர் 23. புதுக்கோட்டையில் நண்பர்களோடு இரண்டாவது ஆட்டம் சினிமா பார்த்துவிட்டு வீடு திரும்பியவர், பேசிக்கொண்டிருக்கும்போதே ரத்த வாந்தி எடுத்துச் சாய்ந்தார் என்கிறார்கள். குடிப்பழக்கம் உடம்பை முன்பே அரித்துவிட்டிருந்தது என்றும் சொல்வதுண்டு. அன்றோடு முடிந்தது.

'பராசக்தி' வர அப்போது சுமார் ஒரு வருஷம் பாக்கி. 15 வருஷத்தில் 25 படங்களுக்கு மேல் நடித்தவர், அடுத்த யுகத்தின் வாசலில் நிற்கும்போது போய்விட்டார். அவர் தலைமுறைப் படங்கள் பலவற்றின் பிரதிகள் இன்று பார்க்கவே கிடைப்பதில்லை. மகன் ராஜபகதூர் பின்னாளில் சில படங்களில் நடித்தார். அப்பாவின் உயரம் கிடைக்கவில்லை.

சின்னப்பா இறந்தபோது 'சுதர்ஸன்' என்ற படம் வெளிவராமல் இருந்தது. பண்டரிபுரத்து விட்டலன் மீது பித்தாகி உலகத்தையே மறந்த கோராகும்பர் என்ற குயவனாக அவர் நடித்த படம். அவர் மறைந்த சில வாரங்களுக்குப் பிறகு அது தியேட்டர்களுக்கு வந்தது. டிக்கெட் வாங்கி உள்ளே உட்கார்ந்தவர்களுக்கு ஆள் இல்லை என்பது தெரியும். விளக்கு அணைந்ததும் அவர் பாடத் தொடங்கினார்.